வம்சத்தில் விட்டுப்போன இரண்டு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் ஸ்பெஷல் நாடக பபூன் ஒருவரைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். தாத்தா மிருதங்கம், அப்பா ஆர்மோனியம், மகன் பபூன், மூன்று தலைமுறையாக மேடையே கதி என்று வாழும் கலைக் குடும்பம் என்று எழுதியிருந்தது. பாதி அரிதாரம் பூசிய முகத்தோடு பெரிய படம் வேறு. அந்தப் பபூன் என் கூடப் பிறந்த தம்பி.

காலை 6 மணிக்கே போன் பண்ணிவிட்டான். "அக்கா, பேப்பர் வாங்கிட்டியா?" என்றான். பஸ் நிலையத்தில் இருபது பேப்பர் வாங்கி, கண்ணில் பட்ட நடிகர்களுக்கெல்லாம் கொடுத்தானாம். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையைத் திறந்து, மெஷின் மேலேயே பேப்பரை விரித்துவைத்துப் படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் எங்கேயோ இடித்தது.

இடித்த இடம் இதுதான். மிருதங்கம் வாசித்தவர் எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா. ஆர்மோனியம் எங்கள் அப்பா. அப்பா அந்தத் தாத்தாவுக்கு மகன் இல்லை, மருமகன். திண்டுக்கல் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வம்சத்தில் ஆர்மோனியத்தைத் தொட்ட முதல் ஆளும் அவர்தான், கடைசி ஆளும் அவர்தான். தாத்தாவையும் அப்பாவையும் சேர்த்துக் கட்டிய கயிறு எங்கள் அம்மா. அவளை உருவிவிட்டால் அந்த இரண்டு பேரும் ஒரே மேடையில் பக்கவாத்தியம் வாசித்த இரண்டு ஆம்பளைகள், அவ்வளவுதான். வம்சம் எங்கே இருக்கிறது?

அம்மா ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம். அம்மாவைப் பெற்ற அம்மாச்சி ராஜபார்ட், கதாநாயகன் வேடம். ஆமாம், ராஜபார்ட்டேதான், பெண்பிள்ளை ராஜபார்ட். முழுப் பக்கத்தில் இந்த இரண்டு பேரும் ஒரு வரியில்கூட இல்லை.

உங்கள் நிருபரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் கேட்டதற்கு என் தம்பி சொன்னான், சொன்னதை அவர் எழுதினார். சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "ஏன்டா, அம்மாவைச் சொல்லல?" "அவுக கேக்கலக்கா" என்றான். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "அம்மாவுக்கே பிடிக்காதுக்கா" என்றான். அவன் சொன்னதும் நிஜம்தான். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று உங்கள் வாசகர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. கம்பெனி நாடகம் வேறு, இது வேறு. இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் கட்டுகிறவர்கள் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகத் தேதி வாங்குவார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், பபூன், டான்ஸ், நாரதர் எல்லாருக்கும் தனித்தனி அட்வான்ஸ். அன்றைக்கு ராத்திரி 9 மணிக்குக் கொட்டகைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். 10 மணிக்கு ஆர்மோனியம் பிடிக்கும் பின்பாட்டுக்காரர் சாமி பாட்டில் ஆரம்பிப்பார். அப்புறம் பபூன், டான்ஸ். நடுச்சாமத்துக்கு மேல்தான் கதையே தொடங்கும். விடியும்போது வள்ளிக்குக் கல்யாணம். (10 மணிக்கு மேல் மைக் கூடாது என்று காவல் நிலையத்தில் கறாராகச் சொன்னால் இந்த நாடகத்துக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.)

ஒத்திகை இல்லாமல் முன்பின் பழகாத இரண்டு பேர் எப்படி விடிய விடிய நடிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் எழுதிக் கொடுத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லா நடிகர்களுக்கும் பொதுப் பாடம். பாட்டு எல்லாருக்கும் தெரியும். பாட்டுக்கு நடுவில் பேசுவதுதான் அவரவர் சாமர்த்தியம். சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் காலமானார். நூறு வருஷம் தாண்டியும் அவர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் முகத்தில் பவுடர் வைப்பார்கள்.

சுவாமிகள் கடைசியில் பையன்களை வைத்துத்தான் நாடகம் நடத்தினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபா என்று பாய்ஸ் கம்பெனி தொடங்கினார். ஸ்திரீபார்ட்டும் பையன்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்தப் பையன் பாடு திண்டாட்டம். அப்பா வேடிக்கையாகச் சொல்வார்: "பொம்பளைக்கு மகரக்கட்டு கிடையாது பார், அதான் ஸ்பெஷல் நாடகத்துக்கு அவுங்க வந்ததும் கதையே மாறிப்போச்சு." அப்படியென்றால் அதற்கு முன்னால் மேடையில் பெண்களே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். அந்த நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்காகவே ஓடிய ரயிலுக்குப் பாலாமணி ஸ்பெஷல் என்று பெயர்.

எங்கள் அம்மாச்சிக்குச் சொந்த ஊர் திருமங்கலம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தியாகி விசுவநாததாஸ் வேலனாக நடித்ததைப் பார்த்திருக்கிறாள். அவரும் திருமங்கலத்தில் வாழ்ந்தவர்தானே. முருகன் வேடத்திலேயே காங்கிரஸ் பாட்டுப் பாடி, நாடகம் முடிந்து இறங்கியதும் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மனிதர். வெள்ளைக்காரனைக் கொக்கு என்று வைத்து அவர் பாடுவதைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. சவரத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் என்று அவரோடு சேர்ந்து நடிக்க மாட்டோம் என்றவர்களும் நாடகத்துக்குள்ளேயே இருந்தார்கள் என்பதையும் அம்மாச்சி சொல்லாமல் விட மாட்டாள்.

அவரைப் பார்த்துத்தான் அவளுக்கு வேலன் வேடத்தின் மேல் ஆசை வந்தது. ஆம்பளை வேடம் போடும் பெண்கள் அப்போது அபூர்வம் இல்லை. கே.பி. சுந்தராம்பாளே 1935-ல் சினிமாவில் நந்தனாராகத்தானே நடித்தார். அதற்கு 1 லட்சம் ரூபாய் சம்பளம் என்று ஊரே வாயைப் பிளந்தது. எங்கள் அம்மாச்சிக்கு லட்சம் எல்லாம் இல்லை. கூட மிருதங்கம் வாசிக்க வந்தவரைக் கட்டிக்கொண்டாள், அதுதான் மிச்சம். உங்கள் கட்டுரையில் முதல் தலைமுறை என்று வந்தாரே, அவர்தான்.

இப்போது நான் சொல்லப்போவதை நான் பார்க்கவில்லை, பிறக்கவே இல்லை. அப்பா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம், சித்திரை மாசம். வள்ளி திருமணம். வேலனாக அம்மாச்சி. ஸ்திரீபார்ட்டாகத் தேதி கொடுத்திருந்த அம்மாளுக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் எங்கள் அம்மாவுக்கு வள்ளி வேடம் கட்டிவிட்டார்கள். அம்மாவுக்குப் பதினேழு வயது. அதுவரை டான்ஸ் மட்டும்தான் ஆடியிருக்கிறாள். அப்பா அன்றைக்குப் பின்பாட்டு.

மூன்று மணிக்கு மேல் தர்க்கம். மானைத் தேடி வந்த வேடன் தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியிடம் வாய் கொடுக்கிற இடம். மகளாயிற்றே, எதிரில் நிற்பது அம்மாவாயிற்றே, எடுத்துக் கொடுத்து ஓட்டிவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அம்மாச்சி வில்லை ஊன்றிக்கொண்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வியாகக் கேட்டாளாம்:

"புனம் காக்க வந்த பெண்ணே, விதைச்ச தினை அறுப்புக்கு வர எத்தனை நாளாகும், சொல்லு பார்ப்போம்?"

அம்மா மதுரையில் காம்பவுண்டு வீட்டில் வளர்ந்தவள். தினையைக் கடையில் பார்த்ததோடு சரி. கீழே உட்கார்ந்திருப்பதோ முழுக்க விவசாயிகள். சிரிப்பு கிளம்பிவிட்டது. அப்பா ஆர்மோனியத்தில் சுருதியை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாராம், இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அப்புறம் அம்மா கவணைத் தோளில் போட்டுக்கொண்டு வேடனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்து,

"மாமா, விதைச்சது நீங்க. பதிலை நீங்க சொல்லுங்க. நான் சொன்னா இந்த ஆளு நாளைக்கே அருவாளோட வந்து நிப்பான்" என்றாளாம்.

"மூணு மாசம்டி ஆத்தா!" என்று கூட்டமே கத்தியது. அன்பளிப்பு நோட்டு வந்து குவிந்தது. பின்பாட்டுக்காரர் மைக்கில் ஒவ்வொரு பேராகப் படிக்க வேண்டுமே, படித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்றாம். வேடனாக நின்ற அம்மாச்சி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பக்கவாத்தியத்தில் இருந்தவர்கள் மட்டும் பார்த்தார்கள்.

நாடகம் முடிந்ததும் அம்மா அழுதுகொண்டே, "பெத்த பிள்ளையை இப்படியா மாட்டிவிடுவ?" என்று சண்டைக்குப் போனாளாம். அம்மாச்சி மீசையைப் பிய்த்துக்கொண்டே, "நாளைக்கு வேற எவனாவது கேப்பான், அவன் மகள்னு விட்ருவானா?" என்றாள். எங்கள் வீட்டில் நாடகம் சொல்லிக் கொடுத்த விதம் இதுதான். உட்கார வைத்துப் பாடம் நடத்தியதெல்லாம் இல்லை. அந்த மூன்று மூச்சு நேரத்தில்தான் அப்பா அம்மாவைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்தாராம். அப்பா சொன்னதுதான், கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

சரி, இவ்வளவு பெருமை உள்ள அம்மா, தன் பெயரைச் சொல்ல மகனே தயங்குகிற மாதிரி ஏன் ஆனாள்?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 1970-ல் எனக்கு எட்டு வயது. பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரை அம்மா பாதி நாள் ராத்திரி வீட்டில் இருக்க மாட்டாள். காலையில் முதல் டவுன் பஸ்ஸில் வருவாள். கொட்டகையிலேயே தேங்காயெண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்திருப்பாள். நடிப்புச் சாமான் பையில் மேலாக ஒரு கட்டுக் கீரையும் நாலு கத்தரிக்காயும் இருக்கும். அது வழியில் வாங்கியது. சந்தைக்குப் போய்விட்டு வருகிறாள் என்று தெரு நினைக்க வேண்டும். தெருவுக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கீரைக்கட்டு மேலே இருக்க வேண்டும்.

வாசலில் ஏறியதும் என் முன்னால் குனிவாள். நான் அவள் காதுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அதுதான் என் வேலை. எவ்வளவு துடைத்தாலும் காது மடிப்பில் ரோஸ் பவுடர் ஒட்டியிருக்கும். எண்ணெயில் குழைந்து பிசுபிசுவென்று, மருதாணி காய்ந்த மாதிரி. கழுத்து முடியோரத்தில் சவுரி கட்டிய கறுப்பு நூல் சிக்கியிருக்கும். ஈரத்துணியால் நான் துடைத்துவிட்ட பிறகுதான் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போவாள். அந்த வாசனை, தேங்காயெண்ணெயும் பவுடரும் வியர்வையும் கலந்தது, இன்றைக்கும் தம்பியின் உடுப்புகள் தைக்க வரும்போது எனக்கு மூக்கில் ஏறும்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதச் சொன்னாள். தாயார் தொழில் 'வீடு'. ஆர்மோனியம் வாசிப்பது கூலியாம்! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஓர் இரவுக்கு வந்த சம்பளம் அம்மா சம்பளத்தில் பாதி. நாங்கள் சாப்பிட்டதும், படித்ததும், இப்போது தம்பி குடியிருக்கும் இரண்டு சென்ட் இடமும் அம்மா வாங்கிய தேதிகளில் வந்தது. மழைக்காலத்தில் தேதி இருக்காது. தோடு அடகுக்குப் போகும், பங்குனியில் திரும்பி வரும். எங்கள் வீட்டில் திருவிழா வந்துவிட்டதைக் காலண்டரில் பார்க்க வேண்டாம், அம்மா காதில் பார்த்தால் போதும்.

மேடையில் பெண் ஏறினால் அவள் ஊருக்குப் பொது என்று நினைக்கிற ஆட்கள் அன்றைக்கும் இருந்தார்கள். நாடகம் பார்த்து விடிய விடியக் கைதட்டியவனே காலையில் டீக்கடையில் நாக்கூசாமல் பேசுவான். அதனால் அம்மாவுக்குச் சட்டங்கள் நிறைய. பஸ்ஸில் ஆம்பளை நடிகர் பக்கத்தில் உட்காரக் கூடாது. கொட்டகையில் பெட்டிக்குப் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. வேஷம் கலைந்த பிறகு எவன் பாராட்டினாலும் நின்று பேசக் கூடாது. இதெல்லாம் எந்தச் சங்கமும் போட்ட சட்டம் இல்லை. அம்மாச்சி போட்டது.

எனக்குப் பதின்மூன்று வயதில் குரல் நன்றாக இருந்தது. அம்மாவுக்குச் சுருதி அஞ்சரைக் கட்டை, எனக்கும் அது எட்டும். வள்ளி பாட்டு அத்தனையும் பாடம். யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா சமைக்கும்போது முணுமுணுப்பாளே, அதில் வந்ததுதான். ஒருநாள் ஆலோலப் பாட்டை அடுப்படியில் வாய்விட்டுப் பாடிவிட்டேன். தெருவில் ஒருத்தி, "யாரு, உங்க அம்மாவா பாடுறா?" என்று கேட்டாள். அம்மா அகப்பையோடு வந்து நின்றாள். அடிக்கவில்லை. "இது என்னோட போகட்டும்" என்றாள். அடுத்த வாரம் என்னைத் தையல் கற்றுக்கொள்ளக் கொண்டுபோய் விட்டாள்.

தம்பியை மட்டும் விட்டாள். ஆம்பளைப் பிள்ளை, ஆடினால் ஊர் ஒன்றும் சொல்லாது என்று. அவன் பதினாறு வயதில் பபூனாகத் தேதி வாங்கினான். அவனுக்கு நேரம் பார்த்து ஜோக் விடவும், டான்ஸ்காரப் பெண்ணின் மரியாதை குறையாமல் அவளோடு வாய் கொடுக்கவும் சொல்லிக் கொடுத்தது அம்மா. உங்கள் கட்டுரையில் "தந்தையிடம் கலை பயின்றார்" என்று இருக்கிறது. அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கும்போது இடுப்புப் பிடிக்காமல் தூக்குவது எப்படி என்பதை.

ஆக, மூன்றாம் தலைமுறையில் எங்கள் வம்சம் ஆண் வம்சமாகிப்போனதற்குக் காரணம் உங்கள் நிருபரோ என் தம்பியோ இல்லை. பெண் கிளையை அம்மாவே வெட்டிவிட்டாள். மிச்சம் நின்றதைப் பார்த்து நீங்கள் மரம் வரைந்திருக்கிறீர்கள்.

இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. டி.கே.எஸ். சகோதரர்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, 1925-ல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியவர்கள். என்.எஸ். கிருஷ்ணன் அங்கே இருந்தவர். சின்னப் பையனாகக் கமல்ஹாசனும் அந்தக் குழுவில் இருந்தார். அவர்களுடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பேர் வாங்கியது எதில்? ஸ்திரீபார்ட்டில். மகன் சண்முகம் பேர் வாங்கியது எதில்? 1942-ல் அவ்வையார் நாடகத்தில், அவ்வைக் கிழவியாக. பெயரே அவ்வை சண்முகம் ஆகிவிட்டது. சென்னையில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அவர்கள் பெரிய கலைஞர்கள், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அப்பா அந்தப் பெயர்களைச் சொல்லும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். நான் சொல்வது வேறு. அந்த வீட்டில் ஆம்பளைகள் சேலை கட்டினார்கள், அது பரம்பரைப் புகழ் ஆயிற்று. எங்கள் வீட்டில் பொம்பளைகள் சேலை கட்டியும் வேட்டி கட்டியும் நடித்தார்கள், அதை மறைக்கக் கீரைக்கட்டு தேவைப்பட்டது.

எல்லா வீட்டிலும் இப்படி இல்லைதான். கச்சேரியும் நாட்டியமுமாக வாழ்ந்த வீணை தனம்மாள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தனம்மாள், மகள் ஜெயம்மாள், பேத்தி பாலசரஸ்வதி, அவர் மகள் லட்சுமி என்று அம்மா வழியாகவேதான் எல்லாரும் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். அது சபாவும் சதிரும். நாங்கள் கண்மாய்க்கரைக் கொட்டகை. அதற்காக எண்ணும் முறை மாற வேண்டுமா என்ன?

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தபோது வாங்கிய அட்வான்ஸ் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, தம்பி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான் என்று உருக்கமாக எழுதியிருந்தீர்கள். நிஜம்தான். அந்த வருஷம் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மாவின் தோட்டை விற்று. அடகு வைத்து அடகு வைத்து மீட்ட அதே தோடு. அந்தத் தடவை மீட்க முடியவில்லை. இதையும் அவன் உங்களிடம் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மறுப்பு, திருத்தம் என்றெல்லாம் கட்டம் கட்டிப் போட வேண்டாம். தம்பி மனசு சங்கடப்படும். இனிமேல் நாடகக் குடும்பம் எதைப் பற்றி எழுதினாலும் உங்கள் நிருபர் இன்னும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "உங்க வீட்டுப் பொம்பளைங்க யாராச்சும் வேஷம் கட்டினாங்களா?" முதல் தடவை இல்லை என்பார்கள். டீ குடித்துவிட்டு இரண்டாம் தடவை கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் காட்ட என்னிடம் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, அம்மாச்சியின் வேலன் மீசை. டிரங்குப் பெட்டியின் அடியில் பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். பாதி முடி உதிர்ந்துவிட்டது, ஒட்டிய பசை மட்டும் கல் மாதிரி இருக்கிறது. இன்னொன்று, ஒரு நாடக நோட்டீஸ். ரோஸ் கலர்த் தாள், மடிப்பில் கிழிந்து நான் உள்பக்கம் துணி ஒட்டியிருக்கிறேன். மேலே சாமி படம், கீழே வரிசையாக நடிகர் படங்கள். ராஜபார்ட் இடத்தில் அம்மாச்சி, ஸ்திரீபார்ட் இடத்தில் அம்மா, ஊர்ப் பேரோடு. கடைசியில் பொடி எழுத்தில் ஆர்மோனியம், மிருதங்கம் என்று அப்பாவும் தாத்தாவும். அந்த இரண்டு பேருக்கும் படம் இல்லை. நோட்டீஸ் அடித்தவனுக்கு அந்தக் குடும்பத்தில் யாரை முதலில் போட வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது.

அம்மாச்சி பெயரையும் அம்மா பெயரையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் சரிபார்த்துக்கொள்ளட்டும். கடிதத்தை அச்சில் போட்டால் அந்தப் பெயர்களைப் போட வேண்டாம், என் பெயரும் வேண்டாம். இவ்வளவும் எழுதிவிட்டு இதை எழுத எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைசி மகளுக்குப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள். தை பிறக்கட்டும், கல்யாணம் முடியட்டும், நானே நேரில் வந்து நோட்டீஸைத் தருகிறேன். படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பபூனின் அக்கா,
எல்லீஸ் நகர், மதுரை.

பின்குறிப்பு: படத்தில் தம்பி போட்டிருக்கும் கட்டம் போட்ட கால்சட்டை நான் தைத்தது. நாடா வெளியே தெரிகிறது. உள்ளே செருகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.